மொத்தத்துக்கு விலக்கு, மாதத்துக்கு வரி

முப்பது முப்பத்தைந்து வருஷ காலம் ஒரே நாற்காலியிலோ, அல்லது மாற்றல் உத்தரவுகளின் தயவால் பல ஊர்களின் பல நாற்காலிகளிலோ அமர்ந்து உத்தியோகம் பார்த்த ஒருவர், மாதக் கடைசி நாளன்று மாலையும் சால்வையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய பின், அடுத்த சில வாரங்களில் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் பணம் ஒரே வகையைச் சேர்ந்தது அன்று. பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டி ஒன்று, எடுக்காமல் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்புக்கு ஈடாகக் கிடைக்கும் சம்பளம் ஒன்று, எல்லோரும் பி.எஃப். என்று சொல்லும் வருங்கால வைப்பு நிதி ஒன்று. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பெறும் கம்யூடேஷன் தொகை ஒன்று. இவையெல்லாம் வந்து அடங்கிய பிறகு மாதந்தோறும் வரும் பென்ஷன் ஒன்று. இந்த ஐந்தும் ஒரே மனிதரின் ஒரே உழைப்பிலிருந்து பிறந்தவை என்றாலும், வருமான வரிச் சட்டம் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகப் பார்க்கிறது, வெவ்வேறு அளவில் வரி கேட்கிறது, சிலவற்றில் கேட்காமலே விட்டுவிடுகிறது.

அந்த வேறுபாட்டின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொத்தமாக வருவதைச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. மாதந்தோறும் வருவதைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குமேல் இன்னொரு பேதமும் உண்டு: வாங்குகிறவர் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருந்தால் மொத்தத் தொகைகளுக்கு வரம்பே இல்லை, வங்கியிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ தனியார் கம்பெனியிலோ வேலை பார்த்தவராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒரு காலத்தில் காரணத்தோடு ஏற்பட்டவை. இன்று அந்தக் காரணங்கள் மறைந்துவிட்டன, ஏற்பாடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஆனால் பென்ஷனுக்கு வரியே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் சேர்ந்தவன் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பணிக்கொடையிலிருந்து தொடங்குவோம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதை 26-ஆல் வகுத்து ஒரு நாளைய சம்பளத்தைக் கண்டு, அதில் 15 நாட்களுக்கு உரியதை எடுத்து, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்குவதே 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம் ஏற்படுத்திய கணக்கு. அச்சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் கலந்துவிட்ட பிறகும் கணக்கு அதே வழியில்தான் போகிறது. மாதம் 52,000 ரூபாய்ச் சம்பளத்தில் 26 வருஷம் உழைத்தவருக்கு இப்படி 7,80,000 ரூபாய் கிடைக்கும். 1,20,000 ரூபாய்ச் சம்பளத்தில் 30 வருஷம் உழைத்தவருக்கு 20,76,923 ரூபாய் வரும். முன்னவருக்கு வரி கிடையாது. பின்னவருக்கு, அவருடைய கம்பெனி தாராள மனத்தோடு முழுத் தொகையையும் கொடுத்தாலும், 20 லட்சத்துக்கு மேற்பட்ட 76,923 ரூபாய் அந்த வருஷத்து வருமானத்தோடு சேர்ந்துவிடும். மத்திய சர்க்காரோ தன் ஊழியருக்குக் கொடுக்கும் பணிக்கொடையின் உச்ச வரம்பை 2024 ஜனவரி முதல் 25 லட்சமாக உயர்த்திக்கொண்டது. அந்த அதிகப்படியான ஐந்து லட்சமும் எவருடைய உத்தரவும் தேவையில்லாமல் வரிக்கு அப்பாற்பட்டதாயிற்று. மற்றவர்களுக்கு 2018-இல் ஏற்பட்ட 20 லட்சம் அதே இடத்தில் நிற்கிறது.

விடுப்புச் சம்பளத்தின் கதை இதைவிட விசித்திரமானது. சர்க்கார் ஊழியர் அல்லாதவர்களுக்கு இதற்கான வரிவிலக்கு வரம்பு 2002-இல் 3 லட்சம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் இரண்டு சம்பளக் கமிஷன்கள் வந்து போயின. வங்கி ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தங்கள் பல முறை புதுப்பிக்கப்பட்டன. விலைவாசி ஏறியதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த 3 லட்சம் மட்டும் 21 வருஷம் அசையாமல் இருந்து, 2023-இல் ஒரே தாவலில் 25 லட்சமாயிற்று. புதிய வரம்பு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டதால், மார்ச் 31 அன்று ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியும், ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்ற அவருடைய சகாவும், ஒரே பதவியில் ஒரே சம்பளத்தில் இருந்து, ஆளுக்கு 18 லட்சம் ரூபாய் விடுப்புச் சம்பளம் பெற்றதாக வைத்துக்கொண்டால், பின்னவருக்கு வரி ஏதும் இல்லை. முன்னவருக்கோ 15 லட்சம் வருமானத்தில் சேர்ந்து, அவர் ஏற்கெனவே 30 சதவீத வரி வரம்பில் இருந்திருந்தால் மேல்வரியோடு 4,68,000 ரூபாய் போயிருக்கும். ஒரு மாதம் முன்பின்னாகப் பிறந்ததைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது. நகராட்சி ஊழியரின் நிலைமை வேறு ரகம்: பணிக்கொடை விஷயத்தில் உள்ளாட்சி ஊழியரைச் சர்க்கார் ஊழியரோடு சேர்த்து உட்காரவைக்கும் சட்டம், விடுப்புச் சம்பள விஷயத்தில் அவரை வரம்பு உள்ளவர்களின் பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. இதற்கு ஒரு தத்துவம் இருக்கக்கூடும் என்று தேடினால் சலிப்புத்தான் மிஞ்சும்.

பி.எஃப். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அது கைக்கு வரும்போது வரி கிடையாது என்பது மாதச் சம்பளக்காரர் எல்லோரும் அறிந்ததே. மிகப் பெரிய சம்பளக்காரர்கள் இந்த நிதியை வரி தீண்டாத பெட்டகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டு, முதலாளியின் பங்கு எல்லா ஓய்வுக்கால நிதிகளிலும் சேர்ந்து வருஷத்துக்கு 7,50,000 ரூபாயைத் தாண்டினால் அதிகப்படிக்கு வரி என்று 2020-இலும், ஊழியர் தம் பங்காக வருஷத்துக்கு 2,50,000 ரூபாய்க்கு மேல் போட்டால் மேற்பட்டதன் வட்டிக்கு வரி என்று 2021-இலும் விதித்தார்கள். இவை இரண்டும் நியாயமான மாறுதல்களே.

இனி கம்யூடேஷன். மத்திய சர்க்கார் ஊழியர் தம் ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை 15 வருஷ காலத்துக்கு விட்டுக்கொடுத்து அதற்கு ஈடான மொத்தத் தொகையைப் பெறலாம். அறுபதாவது வயது முடிந்து ஓய்வு பெறுகிறவருக்கு அட்டவணைப்படி 8.194 என்ற எண்ணால் பெருக்கிக் கொடுப்பார்கள். மாதம் 50,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் உள்ளவர் 20,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அவருக்கு 19,66,560 ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகைக்குச் சல்லிக்காசு வரி இல்லை. அவரே அந்த 20,000 ரூபாயை விட்டுக்கொடுக்காமல் மாதந்தோறும் வாங்கியிருந்தால் அது சம்பளமாகவே கருதப்பட்டு, மற்ற வருமானத்தோடு சேர்ந்து, அவருடைய படிக்குத் தக்க விகிதத்தில் வரிக்கு உட்பட்டிருக்கும். தனியார் துறையில் ஓய்வூதியம் பெறுகிறவருக்கும் இந்தச் சலுகை உண்டு என்றாலும், பணிக்கொடை பெற்றவராயின் ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும், பெறாதவராயின் பாதிக்கும் உரிய தொகைக்குத்தான் விலக்கு.

மொத்தத்துக்கும் மாதத்துக்கும் நடுவே இப்படி ஒரு சுவர் எழும்பியது எப்படி என்று பார்த்தால் கதை வெள்ளைக்காரர் காலத்துக்குப் போகிறது. 1857-ஆம் வருஷத்துக் கலகத்தால் காலியான கஜானாவை நிரப்புவதற்காக ஜேம்ஸ் வில்சன் 1860-இல் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரியை விதித்தார். (அப்போது சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெலியன் இந்த வரி கூடாது என்று பகிரங்கமாகவே எதிர்த்து, தம் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்து, அதன் பலனாகப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார், வரி எதிர்ப்பில் கவர்னரே முன்னின்ற பெருமை நம் மாகாணத்துக்கு உண்டு.) அந்த வரியோடு இங்கிலாந்திலிருந்து ஒரு கொள்கையும் கப்பலேறி வந்தது. வருமானம் வேறு, மூலதனம் வேறு. மரத்துக்கு வரி கிடையாது, பழத்துக்கே வரி என்பது அக்கொள்கை. 1922-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் இதை அப்படியே ஏற்று, ஓய்வூதியத்தைச் சம்பளத்தோடு சேர்த்தது. ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் மொத்தத் தொகையையும், பி.எஃப். இருப்பையும், இன்ஷூரன்ஸ் பாலிசித் தொகையையும் மூலதனம் என்று கருதி விலக்கிவைத்தது. சொத்தை விற்று வரும் லாபத்துக்குக்கூட வரி இல்லாத அந்தக் காலத்தில் அது முரண்பாடில்லாத ஏற்பாடுதான்.

ஆனால் மூலதன லாப வரி 1947-இல் ஒரு முறை எட்டிப்பார்த்து, 1956-இல் நிலையாகவே வந்துவிட்டது. அதன்பின் மூலதனம் என்ற ஒரே காரணத்தால் ஒரு தொகை வரிக்குத் தப்பும் என்ற வாதத்தின் அஸ்திவாரம் போய்விட்டது. கம்யூடேஷன் தொகையோ உண்மையில் மரமே அன்று. பதினைந்து வருஷத்துப் பழங்களை ஒரே நாளில் பறித்து ஒரே கூடையில் வைத்துக் கொடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். கூடை பெரிதாக இருப்பதால் பழம் மரமாகிவிடாது.

இந்த இடத்தில் ஓய்வூதியர் சங்கங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. மொத்தத்துக்கு வரி இல்லையென்றால் மாதத்துக்கும் வேண்டாம். வேலை செய்து சம்பாதிக்கும் வயது போன பிறகு வருவது சம்பளம் ஆகாது. ஆகவே பென்ஷனுக்கு முழு விலக்கு அளியுங்கள் என்பது அவர்கள் பல வருஷமாகக் கேட்டுவரும் கோரிக்கை. மனம் இரங்கத்தக்க கோரிக்கைதான். ஆயினும் அவர்கள் கொண்டாடும் தீர்ப்பே அவர்களுக்கு எதிர்சாட்சி சொல்லுகிறது. 1982 டிசம்பர் 17 அன்று டி. எஸ். நகாரா வழக்கில், நீதிபதி டி. ஏ. தேசாய் எழுதிய தீர்ப்பின் மூலம், ஓய்வூதியம் எஜமானன் மனமிரங்கிப் போடும் பிச்சை அன்று, முன்பு செய்த சேவைக்கு உரிய பிரதிபலனில் பிற்காலத்துக்கென நிறுத்திவைக்கப்பட்ட பகுதி என்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது; அந்த நாளையே ஓய்வூதியர் தினமாக அனுசரிக்கிறார்கள். பிரதிபலன் பிற்காலத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டதென்றால், அதற்குரிய வரியும் கூடவே நிறுத்திவைக்கப்பட்டது என்றுதான் தர்க்கம் முடியும். உரிமை சேவையைச் சார்ந்தது, வரி மட்டும் சேவையைச் சார்ந்ததன்று என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது.

அதோடு, இன்றைய நிலைமையில் யார் உண்மையில் பென்ஷனுக்கு வரி கட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புதிய வரி முறையில் 2025-26 முதல், 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியின் மூலம் வரி பூஜ்யமாகிவிடுகிறது. பென்ஷன்காரருக்கும் சம்பளக்காரரைப்போல 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டாகையால், மாதம் 1,06,250 ரூபாய் வரை பென்ஷன் மட்டுமே வாங்குகிற ஒருவர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களைப் பற்றியோ பேச்சே வேண்டாம். 2014-இல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்த திட்டம் அது, அவர்களுக்கு வரியைவிடப் பெரிய துயரங்கள் இருக்கின்றன. ஆகவே முழு விலக்கு கேட்பது, கேட்கிறவர்களில் பெரும்பாலோர் அறியாமலே, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்களுக்காகக் கேட்பதாகவே முடிகிறது. அதே தொகையைச் சம்பளமாக வாங்கி, வாடகை கொடுத்து, இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முப்பத்தைந்து வயதுக்காரர் வரி கட்டும்போது, வீடும் கட்டிப் பிள்ளைகளையும் கரையேற்றிவிட்ட ஒருவருக்கு மட்டும் ஏன் விலக்கு என்று அந்த இளைஞர் கேட்டால் பதில் சொல்லுவது கடினம்.

தள்ளுபடியிலும் ஒரு குறை உண்டு. மனை விற்ற லாபத்தைப்போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு அது செல்லாது. மேலும், பழைய முறையில் அறுபது வயதானவருக்கு 3 லட்சம், எண்பது வயதானவருக்கு 5 லட்சம் என்று இருந்த அடிப்படை விலக்கும், வங்கி வட்டிக்கு முதியோருக்கிருந்த 50,000 ரூபாய்க் கழிவும், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவும் புதிய முறையில் இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரே 4 லட்சந்தான். முதுமைக்கு ஏதேனும் சலுகை காட்டுவதானால், பென்ஷன் என்ற பெயர் கொண்ட பணத்துக்குக் காட்டுவதைவிட, மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆகும் செலவுக்குக் காட்டுவதே பொருத்தம். அது பென்ஷன் இல்லாத கடைக்காரருக்கும் விவசாயிக்கும் சேர்த்துப் பயன்படும்.

என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டில் மிகக் கொடிய அநீதி, சங்கங்கள் அதிகம் பேசாத ஓர் இடத்தில் இருக்கிறது. அதுதான் ஆனுவிட்டி.

பென்ஷன் இல்லாத ஒருவர், தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து 20 லட்சம் ரூபாயை எல்.ஐ.சி. போன்ற ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, தாம் உயிரோடு இருக்கும் வரை வருஷந்தோறும் இவ்வளவு என்று வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் காலத்துக்குப் பின் அசல் திரும்ப வேண்டாம் என்றும் எழுதிக்கொடுத்துவிடுகிறார். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வருகிறது என்றும் கொள்வோம். இந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு வட்டி, மற்றொரு பங்கு அவர் கொடுத்த அசலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவது. ஆனால் நம் சட்டம் முழு ஒன்றரை லட்சத்தையும் வருமானம் என்று எழுதிக்கொள்கிறது. வேலைகொடுத்தவரிடமிருந்து வருவதன்று என்பதால் அதைச் சம்பளமாகக் கொள்வதும் இல்லை. பிற வருமானம் என்ற தலைப்பில் சேர்த்து, அந்த 75,000 ரூபாய்க் கழிவையும் மறுத்துவிடுகிறது. இவரே அந்த 20 லட்சத்தை வங்கியில் போட்டுவைத்து, வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவிட்டிருந்தால் வட்டிக்கு மட்டுமே வரி. மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதந்தோறும் யூனிட்டுகளை விற்று எடுத்திருந்தால் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. தொண்ணூறு வயதுவரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஒரே பரிகாரமான ஏற்பாட்டைத் தேர்ந்துகொண்டவருக்குத்தான், வரி கட்டிச் சேர்த்த அசலின்மீதே மறுபடியும் வரி. பிரிட்டனில் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கும் ஆனுவிட்டியின் அசல் பகுதிக்கு வரி கிடையாது. அமெரிக்காவிலும் போட்ட தொகை திரும்பி வந்து தீரும் வரை அதற்குரிய பங்கை விலக்கிவிட்டே வரிக் கணக்குப் போடுகிறார்கள். அதைச் செய்வதற்குப் பெரிய மேதாவிலாசம் ஒன்றும் தேவையில்லை. ஆயுள் அட்டவணை ஒன்று போதும், அது காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கிறது.

மத்திய சர்க்காரில் 2004 ஜனவரியிலும் தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலிலும் பழைய பென்ஷனை நிறுத்திப் பங்களிப்பு ஓய்வூதியத்தைப் புகுத்திய பிறகு, இந்த விஷயம் தனிப்பட்ட சிலரின் கவலையாக இல்லாமல் போயிற்று. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த மத்திய சர்க்கார் ஊழியர் ஓய்வு பெறும்போது, சேர்ந்த நிதியில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் வரி இல்லை. பாக்கி 40 சதவீதத்தில் கட்டாயமாக ஆனுவிட்டி வாங்க வேண்டும், அதில் வருவதெல்லாம் வரிக்கு உட்பட்டது. புதிய வரி முறையில் இருப்பவர் இந்த நிதிக்குத் தம் பங்காகக் கட்டும் பணத்துக்குக் கழிவு கிடையாது; முதலாளி கட்டுவதற்கு மட்டுமே உண்டு. 60 சதவீதம் வரியின்றிக் கிடைக்கிறதே, அது இதற்கு ஈடாகிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்; மொத்தத்தில் கணக்குப் பார்த்தால் பலருக்கு ஈடாகவும் கூடும். ஆனால் முதுமையில் மாத வருமானம் வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற சர்க்கார், அந்தக் கட்டாயப் பகுதிக்கு வரியும், செலவழித்துத் தீர்க்கக்கூடிய பகுதிக்கு விலக்கும் தருவது, தான் விரும்புவதற்கு நேர்மாறாகத் தன் சலுகையை வைப்பதல்லவா?

இதை உணர்ந்து மாற்ற முயன்றவர்கள் இல்லாமலில்லை. சேமிக்கும்போது விட்டுவிடு, வளரும்போது விட்டுவிடு, எடுத்துச் செலவழிக்கும்போது மட்டும் வரி வாங்கு என்ற யோசனை, கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956-இல் இந்தியாவுக்கு வந்து சொன்ன செலவு வரியின் உறவுக்காரப் பிள்ளைதான். ஒருவன் பொதுப் பண்டாரத்தில் கொண்டுவந்து போடுவதற்கு வரி விதிக்காமல், அதிலிருந்து எடுத்துக்கொள்வதற்கு விதிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியாக இருந்து 1957-இல் அந்தச் செலவு வரியைச் சட்டமாக்கினார். அது 1962-இல் போய், 1964-இல் அவர் கையாலேயே திரும்பி வந்து, 1966-இல் ஒரேயடியாக மறைந்தது. ஓய்வுக்கால நிதிகளுக்கு மட்டும் அம்முறையைக் கைக்கொள்ளலாம் என்று 2002-இல் விஜய் கேல்கர் குழு சொல்லிற்று. 2009-இல் வெளியான நேரடி வரிகள் தொகுப்பின் முதல் வரைவு அதை எழுதியே விட்டது. எதிர்ப்புக் கிளம்பவே 2010-இல் பி.எஃப். முதலியவற்றுக்குப் பழைய விலக்கே தொடரும் என்று பின்வாங்கிற்று.

மூன்றாவது முயற்சி 2016-இல் நடந்தது. பிப்ரவரி 29 அன்று பட்ஜெட்டைப் படித்த அருண் ஜேட்லி, அந்த வருஷம் ஏப்ரலுக்குப் பின் பி.எஃப்.-இல் சேரும் பணத்தை எடுக்கும்போது 40 சதவீதத்துக்கு மட்டுமே விலக்கு, பாக்கியை ஆனுவிட்டியில் போடாவிட்டால் வரி என்றார். வரி அசலுக்கா, வட்டிக்கு மட்டுமா என்பதையே அதிகாரிகள் மறுநாள் ஒரு விதமாகவும் பிறகு ஒரு விதமாகவும் விளக்கினார்கள். எட்டே நாட்களில், மார்ச் 8 அன்று, யோசனை வாபஸ் ஆயிற்று. அடுத்த மாதமே, வரியோடு சம்பந்தமில்லாத வேறொரு விதி, அதாவது முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற விதி, பெங்களூரில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களை ஆயிரக்கணக்கில் தெருவுக்கு இழுத்து வந்தது. அதையும் சர்க்கார் கைவிட்டது.

இந்தப் பின்வாங்கல்களை ஜனங்களின் அறியாமை என்று சொல்லிவிடுவது பொருளாதார நிபுணர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். சம்பளக்காரன் வாழ்நாளில் மொத்தமாகக் கண்ணால் பார்க்கிற ஒரே பணம் அது. வீட்டுக் கடனின் மிச்சமும், பெண்ணின் கல்யாணமும், சில வேளைகளில் பிள்ளையின் வியாபார நஷ்டமும் அதை நம்பியே காத்திருக்கின்றன. முப்பது வருஷம் ஒரு விதியை நம்பிச் சேர்த்தவனிடம், முடிவில் விதி மாறிவிட்டது என்று சொன்னால் அவன் கொதிப்பது நியாயமே. ஆகவே பி.எஃப். மொத்தத் தொகைக்கு வரி போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சுவரை இடிக்க வேண்டுமானால் மறுபக்கத்திலிருந்து, மாதப் பக்கத்திலிருந்து இடிக்கத் தொடங்குவதே புத்திசாலித்தனம். ஆனுவிட்டியின் அசல் பகுதியை விலக்குவதும், அதற்குப் பென்ஷனுக்குரிய நிலைக்கழிவைக் கொடுப்பதும் அதன் முதல் கற்கள்.

சர்க்கார் ஊழியருக்கும் மற்றவருக்கும் உள்ள பேதத்துக்கு வருவோம். தன் கையால் கொடுத்ததைத் தானே வரியாகத் திரும்ப வாங்குவானேன் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. அந்தச் சமாதானம் சம்பளத்துக்கும் பொருந்த வேண்டும். சம்பளத்தில் மட்டும் சர்க்கார் கூசாமல் பிடித்துக்கொள்கிறதே! சர்க்கார் சம்பளம் குறைவு, அதற்கு ஈடாக இந்தச் சலுகை என்பதும் ஒரு காலத்து உண்மை. இன்று ஒரு தனியார் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தையும் சர்க்கார் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சர்க்கார் ஊழியரின் விலக்கைப் பிடுங்க வேண்டும் என்பதில்லை; இரு சாராருக்கும் ஒரே தாராளமான வரம்பை வைத்து, அதை விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டிவிட்டால் போதும். மூலதன லாபத்துக்கு அப்படி ஒரு குறியீட்டெண்ணை வருஷந்தோறும் வெளியிட்டுப் பழகிய இலாகாதான் அது. கட்டாமல் விட்ட வரம்பு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா நல்ல திருஷ்டாந்தம்: அங்கே 1983-இல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு முதன்முதலாக வரி விதித்தபோது, தனி நபருக்கு 25,000 டாலர், தம்பதிகளுக்கு 32,000 டாலர் என்று வரம்பு வைத்தார்கள், வசதியுள்ள சிலரை மட்டும் தொட வேண்டும் என்று வைத்த அந்த எண்கள் இன்றுவரை மாறாததால், சாதாரண முதியவர்களும் வருஷத்துக்கு வருஷம் அந்த வலைக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, ஓய்வூதியரின் விதவையைப் பற்றி. கணவர் உயிரோடு இருக்கும் வரை அவருடைய ஓய்வூதியம் சம்பளம். அதற்கு 75,000 ரூபாய் கழிவு. அவர் காலமானதும் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம், அவள் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவள் அல்லள் என்ற காரணத்தால், பிற வருமானம் ஆகிவிடுகிறது. அதற்குக் கழிவு, மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. பழைய முறையில் அதுவும் 15,000 ரூபாய்தான். தொகையும் குறைந்து கழிவும் குறைகிறது. போரில் உயிர் நீத்த வீரரின் குடும்பம் போன்ற சிலருக்கே சட்டம் முழு விலக்கு அளித்திருக்கிறது. மற்றவர்களில், தாமும் ஆசிரியையாகவோ நர்ஸாகவோ இருந்து சொந்த ஓய்வூதியமும் பெறுகிற பெண்களுக்கு இரண்டும் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டும்போது இந்த வேறுபாடு உறைக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், கம்யூடேஷன் ஆகியவற்றைப் பழைய பத்தாம் பிரிவின் காட்டிலிருந்து எடுத்துச் சம்பளக் கழிவுகளோடு ஒரே இடத்தில் ஒழுங்காக அடுக்கியது. பேதங்களை ஒன்றும் செய்யவில்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கும் 75,000 என்று எழுத, எந்தக் குழுவும் கமிஷனும் வேண்டாம். அடுத்த நிதி மசோதாவில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் முடிந்துவிடும். கஜானாவுக்கு ஆகும் நஷ்டமும் சொற்பமாகவே இருக்கும். ஏனெனில் அந்த வரம்பைத் தாண்டும் விதவைகள் சிலரே. சீர்திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்று நிதி இலாகா யோசித்துக்கொண்டிருக்குமானால், இங்கிருந்து தொடங்கலாம்.